வாப்பாவின் காரில் சிக்கிய காற்று

போன கிழமை மகனுடைய காரில் கல்முனைச் சந்திக்குப் போனேன். முன்னால் போன முச்சக்கரவண்டி திடீரென்று நின்றது. மகன் காலை வைத்தானோ இல்லையோ, கார் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. நான்தான் வலது காலால் தரையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "உம்மா, அங்கால பிறேக் இல்ல" என்று அவன் சிரித்தான். சிரிக்கட்டும். உங்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஒளிக்க வேண்டாம். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு இல்லாத பிறேக்கை மிதிக்கிற ஆட்கள் நாம். மிதித்து, மிதித்து, இன்னும் ஒருதரம் மிதித்தால்தான் கார் நிற்கும் என்ற காலத்தில் வளர்ந்தவர்கள்.

அப்படியான ஒரு காரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்லபடியாக முடிந்த விசயம். நம் வயதில் யாராவது "அந்தக் காலத்தில" என்று வாயைத் திறந்தால், கடைசியில் ஒரு மையித்து, ஒரு சாவு, வரும் என்று கேட்கிறவர்கள் முன்கூட்டியே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார்கள். இதில் மையித்து வராது. காலை நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேளுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. எங்கள் வீடு மருதமுனையில். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா சாய்ந்தமருதிலிருந்து வந்த மாப்பிள்ளை. வீடு உம்மாவுடையது, வளவு உம்மாவுடையது, வளவின் ஓரத்தில் கிடந்த தறிக்கொட்டில் உம்மாவின் காக்காவுடையது. அந்த மாமா கலியாணம் முடித்துத் தன் மனைவி வீட்டுக்குப் போய்விட்டாலும், தறி எங்கள் வளவில்தான் இருந்தது. விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் வந்து தறிக்குழியில் காலை இறக்கினாரென்றால், பொழுதுபடும் வரை டக்கு டக்கு என்று ஒரே சத்தம். அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு என்னவோ ஏதோ என்று திடுக்கிடும்.

வாப்பாவிடம் இருந்தது ஒரு மொரிஸ் மைனர். சாம்பல் நிறம். அதற்கு முன்னால் அவர் பஸ்ஸில் கிளீனராக இருந்து, பிறகு லொறி ஓட்டினார். ஹயர் ஓடத்தான் கார் எடுத்தேன் என்று ஊருக்குச் சொன்னார். அது பாதி உண்மை. எனக்குப் பிறகு உம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிரசவ நோவு கண்டபோது வாகனம் தேடி ஆட்கள் ஓடினார்கள். வாகனம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாப்பா அதன் பிறகு ஒரு வருடம் சரியாகக் கதைக்கவேயில்லை என்று மாமாவின் மனைவி, மாமி, சொல்லுவார். பிறகு ஒருநாள் காரோடு வந்து நின்றார். உம்மா காரைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் தெரியும் அது எதற்கு வந்தது என்று.

நான் சொல்கிற காலத்தில் உம்மா மறுபடியும் பிள்ளை சுமந்துகொண்டிருந்தார். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்தமுறை நோவு வரும்வரை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது, மாதம் முற்றியதும் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும், பஸ்ஸில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவரவும் கூடாது. அதனால் உம்மாவும் வயிற்றுப் பிள்ளையும் போகவேண்டியது அந்தக் காரில்தான். வேறு வழி இல்லை.

அந்தக் காருக்குத்தான் பிறேக் போனது.

மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று ஓய்கிற காலம். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. வளவு முழுக்கச் சிவப்புச் சாயம் போட்ட நூலைக் கொடி கொடியாகக் காயப்போட்டிருந்தார்கள். கஞ்சிப் பசையும் சாயமும் சேர்ந்து ஒரு புளித்த வாசம். உம்மா மரப்பலகையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், வெயில் சாய்ந்துவிட்டது என்று எழுந்து கிணற்றடிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து வாப்பாவின் கார் கடப்பால், வேலி வாசலால், உள்ளே திரும்பியது. திரும்பியது, நிற்கவில்லை. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது. முதல் கொடியைக் கிழித்து, இரண்டாம் கொடியை இழுத்து, உம்மா இருந்த பலகையை ஏறி மிதித்துக்கொண்டு போய் மாமரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. லைற்று இரண்டிலும் சிவப்பு நூல், கதவிலெல்லாம் சிவப்பு நூல். கலியாணக் கார் போலச் சோடித்துக்கொண்டு நின்றது சனியன். உள்ளே வாப்பாவின் கால் இன்னும் பெடலை மிதித்துக்கொண்டே இருந்தது.

மாமா தறியை விட்டு ஓடிவந்தார். நூல் போனதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது இரண்டாகப் பிளந்து கிடந்த அந்தப் பலகையைத்தான்.

உம்மா கிணற்றடியிலிருந்து வந்து நின்று பார்த்தார். அவருடைய ஒரு கை வயிற்றில் இருந்தது.

"நான் இதுல ஏற மாட்டன்" என்றார். "மாட்டு வண்டில போறன், நடந்து போறன், இதுல மட்டும் ஏற மாட்டன்."

வாப்பா காரைச் சுற்றியிருந்த நூலை ஒவ்வொரு இழையாகக் கழற்றத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் ஊரில் இருந்த ஆம்பிளைகள் பாதிப்பேர் எங்கள் வளவில். கார் வைத்திருக்கிறவர் ஒருவரும் அதில் இல்லை, ஆனால் எல்லாருக்கும் பிறேக் தெரியும். பிறேக் ஒயில் முடிந்திருக்கும் என்றார் ஒருவர். "ஒயில்தானே, நல்லெண்ணெய ஊத்திப் பாருங்களன்" என்றார் மற்றவர். வாப்பாவுக்கு வந்ததே கோபம்! "காருக்குத் தலையும் முழுகாட்டி உடுறதா?" என்று கேட்டு அவரை அனுப்பினார். பக்கத்து வீட்டுச் சாச்சி ஓதி ஊதின தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து நாலு சில்லுக்கும் தெளித்துவிட்டுப் போனார். வாப்பா அதைத் தடுக்கவில்லை. காருக்கு இல்லாவிட்டாலும் உம்மாவுக்காவது பலிக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

வாப்பா ஒழுங்காகத்தான் தேடினார், அதை நான் சொல்லியாகவேண்டும். அந்தக் காருக்குப் பிறேக் ஒயில் ஊற்றுகிற இடம் ஓட்டுகிறவரின் காலடியில், தரைக்குக் கீழே இருந்தது. விரிப்பைத் தூக்கி, மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார்த்தார். ஒயில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. எங்கேயோ ஒழுகுகிறது என்று நாலு சில்லுக்குக் கீழும் கடதாசி விரித்தார். விடிந்து பார்த்தால், பின்பக்கத்து இடது சில்லின் கீழ் ஒரு ஈரப்பொட்டு. அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சில்லைக் கழற்றினார், டிரம்மைக் கழற்றினார். உள்ளே கரித்தூளும் ஒயிலும் கலந்து கறுப்புச் சேறு. நைந்துபோன ஒரு சின்ன றப்பரைத் தூக்கிக் காட்டி, "இந்தா, இதுதான் ஹராங்குட்டி" என்று ஏசினார். கல்முனை பஸாருக்கு ஓடி, கடை கடையாக ஏறி இறங்கி, அதேபோல ஒன்று வாங்கிவந்து போட்டார். ஒழுக்கு நின்றது. பிறேக் பிடிக்கவில்லை.

பிறகு பிறேக் கட்டைகளை இறுக்கினார். சில்லைச் சுற்றிப்பார்ப்பார், உள்ளே உராயும்வரை ஒரு ஆணியைத் திருப்புவார், உராய்ந்ததும் கொஞ்சம் பின்னுக்கு எடுப்பார். நாலு சில்லுக்கும் அப்படிச் செய்தார். பெடல் கொஞ்சம் மேலே வந்தது, அவ்வளவுதான். முதல் மிதியில் புதைசேறு. இரண்டாவது மிதியில் கொஞ்சம் பிடிமானம். மூன்றாவது மிதியில் கெட்டியாக நின்றது. ரோட்டில் மாடு வந்தால் மூன்று தரம் மிதிக்க யார் நேரம் தரப்போகிறார்?

"மச்சான், உள்ளுக்க காத்து நிக்குது" என்று மாமாவிடம் சொன்னார் வாப்பா. "ஒயில நசுக்க ஏலா. காத்த நசுக்கலாம். நான் மிதிக்கிற மிதியெல்லாம் காத்தத்தான் நசுக்குது, சில்லுக்குப் போய்ச் சேருதில்ல."

"அப்ப காத்த எடுக்கணும்."

"ஓம். அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒராள் மிதிக்கணும், ஒராள் கீழ கிடந்து நிப்பிளத் திறந்து பூட்டணும்."

"மிதிக்கிறதெண்டா என்ன உட்டா ஆரு?" என்றார் மாமா.

அது உண்மைதான். மிதியென்றால் தறிக்காரன் கால்தான். விடிந்ததிலிருந்து தறிக்குழியில் அவர் செய்வது அதுதானே! இடது கால் மிதித்தால் வலது கால் எழும்பும், வலது மிதித்தால் இடது எழும்பும், ஒரு பிசகு வராது. மாமாவின் கால் பிசகியது என்று சொன்னால் மருதமுனையில் நாய்கூட நம்பாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் வளவில் ஒரே கூத்து. மாமா தறியை விட்டு எழும்பி, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பள்ளிவாசலுக்குள் போகிறவரைப் போல மரியாதையாகக் காரில் ஏறி உட்காருவார். வாப்பா ஒரு பழைய பாயைப் போட்டுச் சில்லுக்குப் பின்னால் படுத்துக்கொள்வார். சைக்கிள் வால்வுக்குப் போடுகிற மெல்லிய றப்பர்க் குழாயை, சில்லுக்குப் பின்னால் ஒயில் வெளியேறுகிற நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஒரு ஜாம் போத்தலுக்குள் தொங்கவிடுவார். போத்தலின் அடியில் ஒயில் கொஞ்சமாய்க் கிடக்கும், குழாயின் முனை அதற்கு எட்டாது. வெளிநாட்டுச் சாமான் எல்லாம் தட்டுப்பாடாக இருந்த காலம், போத்தலை நிரப்ப ஒயிலுக்கு எங்கே போவது? இப்போது அந்தக் குழாயையும் காணமுடியாது, அந்த ஜாமையும் காணமுடியாது.

"மிதிங்க மச்சான்!"

"மிதிச்சிட்டன்!"

"ஆ, உடுங்க! உடுங்க!"

புஸ் என்று சத்தம் வரும். போத்தலுக்குள் குமிழி குமிழியாகக் கக்கும்.

"வருது மச்சான், காத்து வருது!" என்று கீழேயிருந்து வாப்பா கத்துவார். "மாஷா அல்லாஹ்!" என்று மேலேயிருந்து மாமா கத்துவார். வேலியோரம் நிற்கிறவர்களும் சந்தோசப்படுவார்கள். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை நடக்கும். முடித்துவிட்டு வாப்பா ஏறி மிதித்துப் பார்த்தால், பழைய புதைசேறுதான். மறுநாள் பின்னேரம் திரும்பவும் மிதிங்க மச்சான், திரும்பவும் குமிழி, திரும்பவும் மாஷா அல்லாஹ். ஒரு சின்னக் காருக்குள் இவ்வளவு காற்று எங்கேயிருந்து வருகிறது என்று ஒருத்தராவது யோசித்தார்களா? இல்லை.

கடைசியில் கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, பெடலை மூன்று தரம் மிதித்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மாஸ்டர் முடிஞ்சி" என்றார். காலடியில் ஒயிலைத் தள்ளுகிற அந்தப் பெரிய உருளையைத்தான் அவர்கள் மாஸ்டர் என்பார்கள்.

"புதுசு எங்க எடுக்கிற?" என்று கேட்டார் வாப்பா.

"கொழும்பிலயும் இல்ல. ஆராவது வெளிநாட்டால கொண்டுவந்தாத்தான்."

வாப்பா அதையும் கழற்றினார். வெள்ளைச் சீலை விரித்து, ஒவ்வொரு துண்டாகத் துடைத்து அடுக்கி, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தேய்ந்ததாக ஒன்றும் அகப்படவில்லை. திரும்பப் பூட்டினார். பூட்டினால் உள்ளே இன்னும் காற்று. ஒயில் தகரமும் கடைசித் தகரம், அதில் பாதிதான் மிச்சம். அதுவும் முடிந்தால் பிறகு காற்றை எடுப்பதற்கே வழியில்லை.

அந்தக் கிழமை முழுக்க வாப்பா வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். வாடைக்காற்று திரும்பிவிட்டது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மாரி பிடித்துவிட்டால் ரோட்டில் எங்கே வெள்ளம் நிற்கும் என்று சொல்லமுடியாது. உம்மாவுக்கு மாதம் முற்றிவிட்டது. யாரிடமாவது வேறு கார் கேட்கலாம் என்றால், ஊரில் இருந்த இன்னொரு கார் கலியாணம் ஒன்றுக்கு அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தது. மாமாவும் சாறன் கட்டுகளை எடுத்துக்கொண்டு குருநாகல் பக்கம் விற்கப் போகவேண்டியதாகிவிட்டது. "நான் வரும்வரைக்கும் கையப் போடாதீங்க மச்சான், வந்து மிதிச்சித் தாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வாப்பா காரின் முன்னால் குந்திக்கொண்டு சும்மா இருந்தார். உம்மா குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தார். ஆடி ஆடி நடந்து வந்து கார்க் கதவைத் திறந்தார்.

"என்ன செய்யப் போறாய்?"

"நான் மிதிக்கன். நீங்க கீழ போங்க."

"உனக்கென்ன விசரா? இந்த வயித்தோட!"

"இதுல போறது ஆரு? நான்தானே. அப்ப மிதிக்கிறதும் நான்தான். வயித்தாலயா மிதிக்கப் போறன்? காலாலதானே!"

உம்மா அப்படித்தான். குரலை உயர்த்தமாட்டார், ஆனால் சொல்லிவிட்டால் சொல்லியதுதான். வாப்பா இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதுகுக்குத் தலையணை வைத்துக் கொடுத்தார். உம்மா பிஸ்மி சொல்லிக்கொண்டு, பக்கவாட்டில் ஏறி, ஸ்ரேறிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் மறுபக்கக் கதவால் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வாப்பா பின்சில்லுக்குப் பின்னால் போய்ப் படுத்தார்.

"மிதி!"

"மிதிச்சிட்டன்!"

"ஆ, உடு! உடு!"

உம்மா காலை எடுக்கவில்லை. பெடல் மெதுமெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உம்மா காலை வைத்தது வைத்தபடி தலையை மட்டும் யன்னலால் நீட்டினார்.

"இஞ்சாருங்க, எத உடுற?"

"என்ன?"

"எத உடுறண்டு கேக்கன். மிதிய உடுறதா, காத்த உடுறதா?"



உங்களுக்குப் புரிந்திருக்கும், நாமெல்லாம் 'விடு' என்பதை 'உடு' என்றுதானே சொல்லி வளர்ந்தோம். ஆனால் தறிக்கொட்டிலில் உடு என்றால் ஒரே அர்த்தம்தான்: காலை எடு. தறி பழகுகிற பிள்ளைகளுக்கு "மிதி, உடு, மிதி, உடு" என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். பஸ்ஸிலும் லொறியிலும் வேலை செய்தவருக்கு உடு என்றால் வேறு. கிளீனர் பலகையில் தட்டி "உடு, உடு!" என்றால், போய்க்கொண்டே இரு, நிறுத்தாதே என்று பொருள். வாப்பா நிப்பிளைத் திறந்துகொண்டு உடுங்க என்றது, அமுக்கிக்கொண்டே போங்கள், காற்று வெளியே போகட்டும் என்று. மாமாவின் காதில் அந்தச் சொல் விழுந்த கணம் கால் தானாக எழும்பியிருக்கிறது. நிப்பிள் திறந்து கிடக்கப் பெடல் எழும்பினால், போன காற்று அதே குழாயால் உள்ளே வராமல் என்ன செய்யும்? உம்மா தறிக்காரன் வீட்டில் பிறந்து சாரதிக்கு வாழ்க்கைப்பட்டவர். அவர் காதில் இரண்டு உடுவும் ஒன்றாக விழுந்திருக்கிறது, அதனால்தான் கேட்டார்.

வாப்பா நிப்பிளைப் பூட்டிவிட்டுத் தவழ்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கரி.

"மச்சான் என்ன செய்திருப்பார்?" என்று கேட்டார்.

"காக்கா கால எடுத்திருப்பார்."

"ஒவ்வொரு தரமுமா?"

"காக்காட கால் ஒரு தரம் செய்யிறத்த மத்தத் தரம் மாத்துமா?"

வாப்பா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் கையை வைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு பார்த்தால் அவர் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார்! "யா அல்லாஹ்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஒரே காத்து! ஒரே காத்தத்தான் எடுத்து எடுத்துத் திருப்பி உள்ளுக்க போட்டிரிக்கம்! அதுக்கு மாஷா அல்லாஹ் வேற!" உம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என்னச் சிரிக்க வைக்காதீங்க, இஞ்சயே பெத்திருவன்" என்றார்.

அதன் பிறகு உடு என்ற பேச்சே இல்லை. அமத்து என்றால் காலை அமுக்கு, எடு என்றால் காலை எடு. வாப்பா நிப்பிளைப் பூட்டி முடிக்கும்வரை உம்மாவின் கால் தரையோடு ஒட்டியிருந்தது. தூரத்துச் சில்லில் தொடங்கி ஒவ்வொரு சில்லாக வந்தார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் நடுவில் உம்மா இறங்கி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்துவிட்டு ஏறினார். கடைசித் தகரத்தைக் கவிழ்த்துத் தட்டி ஊற்றினார்கள். கடைசிச் சில்லில் குமிழி குறைந்தது, பிறகு நின்றது, ஒயில் மட்டும் தெளிவாக நூல்போல வந்தது. வாப்பா பூட்டினார்.

"இப்ப மிதி."

உம்மா மிதித்தார். கால் பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னொரு தரம் மிதித்தார். அதே இடம்.

"இஞ்சாருங்க" என்றார். "கல்லு மாதிரி நிக்குது."

ஆனாலும் உம்மா உம்மாதான். இறங்கிப் போய், குசினியிலிருந்து தன்னுடைய தேங்காய் துருவுகிற திருவலையைக் கொண்டுவந்து வளவின் நடுவில் வைத்தார். "இதுக்கு முன்னால நிப்பாட்டிக் காட்டுங்க, பொறகு பாப்பம்." வாப்பா கடப்புக்கு வெளியே போய்த் திரும்பி வந்தார், கொஞ்சம் வேகமாகவே வந்தார். ஒரே மிதி. திருவலையின் பல்லுக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. உம்மா திருவலையைத் தூக்கிக்கொண்டு, "உடுப்ப எடுத்து வைக்கன்" என்று உள்ளே போனார்.

மாமா அன்று பின்னேரமே வந்துவிட்டார். வந்ததும் சாறனைக்கூட மாற்றாமல் காரில் ஏறி மிதித்துப் பார்த்தார். அவர் கண் விரிந்தது. "என்ன செய்தீங்க மச்சான்?"

வாப்பா என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். "நீங்க மிதிச்சி மிதிச்சித் தளத்தி வச்ச காத்துத்தானே மச்சான்" என்றார். "கடைசியா கொஞ்சம்தான் நிண்டது. லேசா வந்திட்டு."

உம்மா சட்டென்று குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. மாமா அதைப் பார்க்கவில்லை. அந்தக் காரின் காற்றை எடுத்தது என் கால்தான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டு திரிந்தார். வாப்பா ஒவ்வொரு தரமும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அப்போது எனக்கு, வாப்பா இப்படிப் பொய் சொல்கிறாரே என்று கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால், பெண் வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளை மச்சானின் காலைக் குறை சொல்லுவாரா? இரண்டு பேரும் அவ்வளவு மரியாதைக்காரர்கள். 'நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை' என்று மாமா கேட்கவில்லை, 'காலை எப்போது எடுக்கிறீர்கள்' என்று வாப்பா கேட்கவில்லை. அந்த மரியாதையில்தான் ஒரு மாதம் போனது. ஒயில் போனது, உம்மாவின் உயிரும் ஊசலாடியது.

மறுநாள் காலை புறப்பட்டோம். வானம் மூடிக் கிடந்தது, மழை இறங்கவில்லை. பின் இருக்கையில் உம்மாவும் நானும். பெரியநீலாவணை தாண்டி, கல்லாற்றுப் பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். வாப்பா ஒரு கையால் ஓட்டிப் பழகியவர், அன்றைக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மாரி விதைப்புத் தொடங்கிவிட்டதால் வயல்களிலிருந்து மாடுகளை வெளியே ஓட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். தென்னைகளுக்கு நடுவில் ஒரு கிறவல் ஒழுங்கை வந்து ரோட்டில் ஏறுகிற இடத்தில், முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் ஒரு பட்டி மாடு ரோட்டை நிறைத்துக்கொண்டு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கார் நின்றிருந்தது. முன்கண்ணாடியில் ஒரு நாம்பன் மாடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உறங்கிக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்து, தலை என் தோளில் சரிந்து, ஆழ்ந்த உறக்கம். அந்த மாதம் முழுவதும் நான் எப்போது விழித்துப் பார்த்தாலும் உம்மாவின் கண் திறந்துதான் கிடக்கும்.

வாப்பா வெளிறிப்போய்த் திரும்பினார். "உம்மாக்கு என்ன?" என்று மூச்சாலேயே கேட்டார்.

"உறங்குறாங்க" என்றேன்.

மாடு சாய்க்கிறவர், "கோர்ன அடிங்க ஐயா, விலகும்" என்று கையைக் காட்டினார். வாப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கடைசிக் கன்றும் தாண்டிப் போகும்வரை நாங்கள் அப்படியே நின்றோம்.

உம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டு, வாப்பா திரும்பவும் மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மழை. வீட்டில் துணைக்கு வந்த மாமியும் நானும். மாமா தறியில்தான் இருந்தார், ஆனால் கார்ச் சத்தம் எது கேட்டாலும் தறி நின்றுவிடும். முந்தி இரண்டு தரமும் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு பகல், மழைக்குள்ளே கார் கடப்பால் திரும்பி, வளவின் நடுவில் வந்து நின்றது. தறி நின்றது. மாமி அரிசிச் சுளகோடு வந்து நின்றார். பக்கத்து வீட்டுச் சாச்சி வேலிக்கு மேலால் பார்த்தார். வாப்பா கதவைத் திறந்தார், இறங்கினார், எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாமா மழையில் இறங்கிப் போய் அவர் தோளைப் பிடித்து, "சொல்லுங்க மச்சான்" என்றார்.

"ரெண்டு பேரும் சுகம்" என்றார் வாப்பா.

மாமா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். மாமி சுளகைக் கீழே போட்டார், அரிசி மழைக்குள் சிதறியது. சாச்சி "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நனைந்துகொண்டு நின்றோம் என்று தெரியவில்லை. பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்க, பின்னேரம்வரை எங்களில் ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை.